ஏழு கண்ணுள்ள அம்மன்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் தில்லையம்பலத்தைத் தெரியாத தமிழர் இல்லை; தெரியாமல் இருக்க அவர் எவரையும் விட்டதில்லை. பழைய கம்பளக் கிடங்கொன்றில் நடக்கும் அம்மன் கோயிலுக்குப் பதினொரு வருடமாக அவர்தான் தலைவர். கோயிலின் எந்த மூலையில் நின்றாலும் அவர் பெயர் கண்ணில் படும். கை கழுவும் குழாயில் ‘உபயம்: தலைவர்’. செருப்பு வைக்கும் தட்டில் ‘உபயம்: தலைவர்’. தீயணைப்புக் கருவிக்குக் கீழேகூட ஒரு சின்னப் பலகை. மூலஸ்தானத்தில் மட்டும் அவர் கை படவில்லை. அங்கிருந்த அம்மன் முன்னைய தலைவரின் காலத்தில் வந்தவள். ஒரு முழ உயரம், கறுத்த கல். அவளைப் பார்க்கும்போதெல்லாம் தில்லையம்பலத்துக்கு முன்னைய தலைவரின் முகம்தான் நினைவுக்கு வரும். அதனால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கும்பிடுவார். சனம் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டது.

தை மாதம் நிர்வாகத் தேர்தல். அதற்கு முன் மூலஸ்தானத்தில் பெரிய பொன் அம்மன் ஒன்றை இருத்திவிட்டால், சாகும்வரை தன்னைத் தலைவர் கதிரையிலிருந்து ஒருவராலும் எழுப்ப முடியாது என்று அவருக்குப் பட்டது.

பொன் அம்மன் ஹனோவருக்குப் பக்கத்தில் கிடைத்தாள். பழைய கட்டிலும் குழந்தை வண்டிலும் விற்கிற இணையத்தளத்தில், ‘பொன் தேவதை, இடம் போதாததால் கொடுக்கப்படும், நேரில் வந்து தூக்கவும்’ என்று விளம்பரம். போட்டவள் யூலியா என்ற பெண். ஊருக்கு வெளியே மசாஜும் ஆவிக் குளியலும் கொடுக்கிற விடுதி ஒன்றை நடத்துகிறாள். அங்கே வியர்த்துக் களைத்தவர்கள் படுத்துக் கிடக்கும் அறையின் மூலையில், ஈரத் துவாய்களுக்கு நடுவே, இருபது வருடமாக அந்தத் தேவதை இருந்திருக்கிறாள். வான் வண்டியில் ஏற்றும்போது யூலியா கண்கலங்கி, “இவளுக்குப் பேர் தாரா, கவனமாக வைத்திருங்கள்” என்றாள். வெள்ளைக்காரர் நாய்க்கும் காருக்கும் பேர் வைக்கிறவர்கள்தானே என்று தில்லையம்பலம் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

மூன்றடி உயரம். தாமரைமேல் சம்மணமிட்டு இருந்தாள். வலது கை முழங்காலில் வரம் கொடுக்க, இடது கை நெஞ்சருகே தாமரைத் தண்டைப் பிடித்திருந்தது. நெற்றியில் ஒரு கண். அது போதாதென்று இரண்டு உள்ளங்கையிலும் இரண்டு உள்ளங்காலிலும் ஒவ்வொரு கண். தில்லையம்பலத்துக்கு மயிர் கூச்செறிந்தது. ஆயிரங்கண்ணுடையாள் என்று பாட்டில் கேட்ட அம்மன் இவளேதான்! எண்ணினால் ஏழுதான் வந்தது. மிச்சம் தொள்ளாயிரத்துச் சொச்சத்தைச் சனம் நம்பிக்கொள்ளும். தலைமயிர் ஏனோ நீலமாக இருந்தது. கேட்டால் ‘ஆகாய வர்ணம்’ என்று சொல்லிவிடலாம். பொன் மட்டும் முழங்காலிலும் மூக்கிலும் தேய்ந்து பித்தளை தெரிந்தது. அதையும் பூசுவித்துவிட்டால் வேலை முடிந்தது.

சிலையைத் தன் வீட்டுக் கார்க் கொட்டகையில் வைத்தார். அடுத்த நாளே அவருடைய மனைவி கமலநாயகி அங்கே ஒரு விளக்கை ஏற்றி வைத்தாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவள் அவள், அதிகம் பேசமாட்டாள். அந்த வீட்டில் பேச்சு முழுவதையும் ஒருவரே வைத்திருந்ததால் அவளுக்கு மிஞ்சவில்லை.

அந்த நாட்களில்தான் தில்லையம்பலத்தின் குடலைக் கமராவால் பார்த்த டொக்டர், ஒரு துண்டை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். முடிவு வர இரண்டு கிழமை. தில்லையம்பலம் பயப்படவில்லை. பயப்படவில்லை என்று தொலைபேசியில் நாற்பது பேருக்குச் சொன்னார். முடிவு வந்தது, ஒன்றுமில்லை, சாதாரண வீக்கம்.

“நான் காலமையில ஓட்ஸ் கஞ்சி குடிக்கிறனான். பிறகு எனக்கென்ன வரும்?” என்றார்.

கமலநாயகி எழுந்து கொட்டகைப் பக்கம் போனாள். திரும்பி வர அரை மணித்தியாலம் ஆயிற்று. பெரிய பானையைத் தேடுகிறாள் போலும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பொன் பூச வந்தவள் கொறற்றி. பாசையூரில் பிறந்து ஜெர்மனியில் பொன் பூச்சுத் தொழிலுக்கு முறையாக அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்தவள். இருபது வருடமாகத் தேவாலயங்களின் பீடத்துக்கும் சம்மனசு என்கிற தேவதூதர் சிலைகளுக்கும் பொன் தாள் ஒட்டிவந்தாள். இப்போது தேவாலயங்களை ஒவ்வொன்றாகப் பூட்டுகிறார்களே, அதனால் எந்தச் சாமிக்கும் பூசுவாள். ஒரு காலம் ஹனோவர் மியூசியம் ஒன்றிலும் பழைய சிலைகளைத் துடைத்துச் சீராக்கும் வேலை செய்தவள்.

சனிக்கிழமை காலை வந்து தோல் மெத்தையை விரித்தாள். பொன் தாளை அதில் வைத்துக் கத்தியால் வெட்டினாள். அணில் மயிர்த் தூரிகையைத் தன் கன்னத்தில் ஒருமுறை தடவி, அந்த எண்ணெய்ப் பசையில் தாளைத் தொட்டு எடுத்தாள். மூச்சுவிட்டால் பறந்துவிடும் தாள் அது. அப்போது பார்த்துத் தில்லையம்பலம், தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரு காற்சட்டையோடு இறங்கிய வரலாற்றைத் தொடங்கினார். முதல் தாள் அவருடைய மீசையில் ஒட்டியது.

“அண்ணை, கொஞ்சம் வாயை மூடுங்கோ. பொன் பறக்குது.”

பதினொரு வருடத்தில் அவரிடம் இப்படிச் சொன்ன முதல் ஆள் அவள். அவர் மூடினார்.

முழங்கால் முடிந்ததும் அடிப்பக்கத்துக்குப் பூசச் சிலையை இருவருமாகச் சரித்தார்கள். கொறற்றி கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள். அடியை ஒரு செப்புத் தகட்டால் மூடி, விளிம்பை உளியால் தட்டி இறுக்கியிருந்தது. தகட்டின் நடுவில் இரண்டு ஆயுதங்கள் குறுக்காகச் செதுக்கப்பட்டிருந்தன.

“அண்ணை, இது ஆர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“ஆயிரங்கண்ணி அம்மன். ஏன்?”

“இல்லை அண்ணை. இது தாரா. வெள்ளைத் தாரா. நேபாளத்தில செய்தது. இது புத்த சமயத்துச் சாமி.”

தில்லையம்பலம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் போய்க் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“கையில கண் இருக்கு, நெத்தியில கண் இருக்கு. பிறகு எப்பிடிப் பிள்ளை புத்தம் ஆகும்?”

“அதுதான் அடையாளமே. குடுக்கிற கைக்கும் கண் வேணும், நடக்கிற காலுக்கும் கண் வேணும் எண்டு வைச்சிருக்கினம். ஆருக்குக் குடுக்கிறம், ஆரை மிதிக்கிறம் எண்டு பாக்க. பொன்னும் ஆடம்பரத்துக்கில்லை. அவவின்ர உடம்பே வெளிச்சம் எண்டு காட்டத்தான். தேய்ஞ்சால் சனம் திரும்பப் பூசுவிக்கும், அது அவைக்கு நேர்த்தி மாதிரி.” தகட்டை விரலால் தட்டினாள். “உள்ளுக்கு நடுவில ஒரு தடி நிக்கும். உயிர்த்தடி எண்டு சொல்லலாம். அதைச் சுத்தி மந்திரம் எழுதின தாள் சுருள், தானியம், பட்டு எல்லாம் அடைஞ்சு மூடியிருப்பினம். அது உள்ளுக்கு இருந்தாத்தான் சாமி. இல்லாட்டி வெறும் பித்தளை.”

தில்லையம்பலம் ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார். அவர் இப்படி இடிந்துபோனதற்குக் காரணம் ஆன்மீகம் அல்ல. இரண்டு வருடத்துக்கு முன், ஊரில் தமிழர் காணிகளுக்குள் புத்தர் சிலைகளைக் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று பெர்லினில் ஊர்வலம் நடந்தபோது, ஒலிபெருக்கியைப் பிடித்தவர் அவர். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அதை நான் பழிக்கவில்லை. ஆனால் பெர்லினிலிருந்து திரும்பிய சூட்டில் அவர் செய்தது வேறு. தர்மிகா என்ற பிள்ளை புதிதாகச் சலூன் திறந்து, சாமான் கடையில் பூச்சாடியோடு வாங்கிய சீமெந்துப் புத்தர் தலையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் அழகுக்கு வைத்திருந்தாள். தில்லையம்பலம் அதைப் படமெடுத்து, ‘இனத்துரோகம் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது’ என்று கோயில் வட்சப்பில் போட்டார். தர்மிகா தலையை அன்றே எடுத்துவிட்டாள். மன்னிப்பும் கேட்டாள். ஆனாலும் தமிழ்த் தலை ஒன்றும் அதன்பிறகு அந்தக் கடைக்குள் நுழையவில்லை. நாலாம் மாதம் சலூன் பூட்டப்பட்டது. இப்போது எஸன் நகரில் யாருக்கோ கீழே நின்று தலைமயிர் கூட்டுகிறாள். சீமெந்துத் தலைக்கே அந்தக் கதி என்றால், பொன் பூசிய முழு உடம்பைக் கோயில் கருவறைக்கு வாங்கி வந்த மனுசனை வட்சப் என்ன செய்யும்? தேர்தலை விடுங்கள், தெருவில் தலைகாட்ட முடியாது.

“பிள்ளை,” என்றார் மெதுவாக. “அந்தத் தகட்டைக் கழட்டி உள்ளுக்கு இருக்கிறதை எடுத்தால் இது வெறும் பித்தளை எண்டுதானே சொன்னீர்?”

“சொன்னனான்.”

“அப்ப கழட்டும். வெறும் பித்தளையை எங்கட ஐயர் எங்கட முறையில அம்மன் ஆக்குவார்.”

கொறற்றி எழுந்து நின்றாள். “நான் வேதக்காரி அண்ணை. எங்கட பீடத்துக்குள்ளயும் புனிதரின்ர எலும்பு வைச்சு மூடுறவை. அதைத் திறக்க ஆரும் சொன்னால் திறப்பனோ? ஆரோ கும்பிட்டு மூடினது. பொன் பூசச் சொன்னால் பூசுறன். உது என்னாலை ஏலாது.”

“ஆருக்கும் சொல்லமாட்டீர்தானே?”

“எனக்கென்னத்துக்கு அண்ணை?” என்றாள். அன்று பின்னேரமும் அடுத்த சனிக்கிழமையும் இருந்து முகத்தை முடித்தாள். உடம்பின் பொன் மினுங்கியது. முகத்துக்கு மட்டும் பொன் தூளைப் பசையில் குழைத்து, மினுக்கம் இல்லாமல் பூசியிருந்தாள். நேபாளத்தில் முகத்துக்கு அப்படித்தானாம். பார்த்தால் அப்போதுதான் நித்திரையால் எழும்பிய பெண்ணின் முகம். தில்லையம்பலமே ஒரு கணம் கையைக் கூப்பப் போய், ஞாபகம் வந்து தலையைச் சொறிந்தார்.

திங்கட்கிழமை கமலநாயகி வேலைக்குப் போனதும் அவர் உளியை எடுத்தார். தகடு கழன்றதும் ஒரு வாசம் வந்தது, ஏதோ மரத்தூள். கவிழ்த்துத் தட்டினார். சிவப்புப் பூசிய தடி விழுந்தது. மஞ்சள் பட்டில் சுற்றிய சுருள்கள், சின்னி விரல் அளவில் நூற்றுக்கணக்கில், ஒவ்வொன்றிலும் பொடி எழுத்து. பிறகு பார்லி, கிழிந்த பட்டுத் துண்டுகள். கடைசியில் ஒரு பிள்ளையின் வெள்ளி மோதிரம்.

அதுவரைக்கும் துணிவாக இருந்த மனுசனுக்கு இப்போதுதான் பயம் வந்தது. புத்தருக்குப் பயமில்லை, ஜெர்மன் குப்பைச் சட்டத்துக்குப் பயம். நாற்பது வருடம் இந்த நாட்டில் இருந்தவர், தயிர் டப்பாவைக் கூடக் கழுவி மூடியை வேறாக்கித்தான் போடுவார். ஒரு சாமியின் உயிரை எந்தத் தொட்டிக்குள் போடுவது? யோசித்துப் பிரித்தார். மந்திரச் சுருள்கள் தாள், ஆகவே நீலத் தொட்டி. பார்லி மண்ணிறத் தொட்டி. பட்டும் மரத்தூளும் கறுப்புத் தொட்டி. உயிர்த்தடிக்குச் சாயம் பூசியிருந்ததால் அதைத் தொட்டியில் போடக்கூடாது என்று தெரியும். நகரசபை மீள்சுழற்சி நிலையத்துக்குக் காரில் கொண்டுபோய், பழைய கதவுகளோடு போட்டுவிட்டு வந்தார். சாமியில் கலப்படம் செய்யத் துணிந்தவர் குப்பையில் கலப்படம் செய்யவில்லை. மோதிரத்தை மட்டும் எந்த வகையில் சேர்ப்பது என்று விளங்கவில்லை. காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சிலை வியாழக்கிழமை கோயிலுக்குப் போனது. ஐயர் ஒரு பக்கம் பிடிக்க வந்தவர், தனியாகவே தூக்கிவிட்டார்.

“என்ன தலைவர், போன கிழமை உங்கட கொட்டகையில அசைக்கவே ஏலாமக் கிடந்தது? இண்டைக்குப் பூனைக்குட்டி மாதிரித் தூக்குப்படுது!” விரலால் தட்டினார். உள்ளே ஓவென்று கேட்டது. “இதென்ன, கோறையாக் கிடக்கு? நாளைக்கு அபிஷேகத்தில பால் ஊத்தேக்கை குடம் மாதிரிச் சத்தம் போடுமே.”

தில்லையம்பலம் சிலையை ஐயரின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பூச்சுக் காய்ந்தபடியால் கனம் குறைந்துவிட்டதாக ஏதோ உளறி, அடிப்பக்கத்தை ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று சிலையைத் திரும்பவும் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். உள்ளே எதையாவது அடைக்க வேண்டும். மணல் கொட்டும். பஞ்சுக்குக் கனம் இல்லை. தாள்தான் நல்லது என்று கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். தேர்தலுக்கென்று அச்சடித்து வந்த பெட்டி கிடந்தது. ‘எமது தலைவரின் பதினொரு ஆண்டுப் பொற்காலம்’. நல்ல தடித்த பளபளப்புத் தாள். ஒவ்வொன்றின் முன்பக்கத்திலும் கோட்டுப் போட்டுப் பொன்னாடை போர்த்திய தில்லையம்பலம், மறுபக்கத்தில் குழாய், செருப்புத் தட்டு, தீயணைப்புக் கருவி. ஒவ்வொன்றாகச் சுருட்டினார். ரப்பர் வளையம் போட்டார். கழுத்து வரை இறுக்கி அடைத்து, தகட்டை வைத்து, குளியலறைக்குப் பூசுகிற சிலிக்கோனால் சுற்றிவர ஒட்டினார். தட்டிப் பார்த்தார். ஓசையே இல்லை. கனமும் வந்துவிட்டது. தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு தேத்தண்ணி குடிக்க உள்ளே போனார். கமலநாயகி கொட்டகைப் பக்கம் பார்த்த சமையலறை யன்னலருகே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கோயில் கொள்ளாத சனம். டோர்ட்முண்டிலிருந்தும் எஸனிலிருந்தும் வந்திருந்தார்கள். ஐயர் மந்திரம் சொல்லிச் சொல்லி, பித்தளை என்று அவர் அறியாத பித்தளைக்குள் அம்மனை அழைத்தார். திரை விலகியது. விளக்கு வெளிச்சத்தில் பொன் எரிந்தது. “அரோகரா!” என்று கூரைத் தகடு அதிரச் சத்தம். வயதான பெண்கள் அழுதார்கள். ஒருத்தி, “உள்ளங்கையால பாக்கிறாவே என்ர தாய்” என்று விம்மினாள். தில்லையம்பலத்தின் தலையில் பட்டுத் துண்டு கட்டி, கழுத்தில் மாலை போட்டார்கள். முன்னைய தலைவரே வந்து கையைப் பிடித்தார். அவர் கண்ணிலும் நீர். இந்த நாளுக்காகத் தில்லையம்பலம் எதையும் கொடுத்திருப்பார். கொடுத்தும்விட்டார்.

“தலைவற்ற வீட்டுக்காரம்மா முதல் தீபம் காட்டட்டும்,” என்றார் ஐயர்.

கமலநாயகி இரண்டாவது வரிசையில் நின்றாள். கூடிநின்ற அத்தனை பேரிலும் கையைக் கூப்பாமல் நின்றவள் அவள் ஒருத்திதான். தில்லையம்பலம் சிரித்த முகம் மாறாமல் அவளிடம் போய், பல்லைக் கடித்துக்கொண்டு, “என்னப்பா, சனம் பாக்குது, வாரும்” என்றார்.

அவள் குரலை உயர்த்தவில்லை. அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“உங்கட குடலில வெட்டின அண்டைக்கு, உந்தக் கொட்டகையில நிண்டு அவவிட்டத்தான் உங்கட உயிரைக் கேட்டனான். பதினாலு நாளும் விடியப்பறம் எழும்பி, பச்சைத் தண்ணியும் குடிக்க முந்திக் கேட்டனான். அவ ஆர், எந்தச் சமயம் எண்டு எனக்குத் தெரியாது. தந்தா. நீங்கள் அவவின்ர உயிரை எடுத்து நீலத் தொட்டிக்குள்ள போட்டிருக்கிறியள்.”

யாருக்கும் கேட்டதோ என்று தில்லையம்பலம் திரும்பிப் பார்த்தார். “கமலம்... உமக்கெப்பிடி...”

“செவ்வாய்க்கிழமை மட்டைப் பெட்டி போடப் போனனான். குனிஞ்சு கையை விட்டு ஒண்டு ஒண்டாப் பொறுக்கினனான். கொட்டகையில அவவின்ர காலடியிலயும் அதே மாதிரி மந்திரச் சுருள் ஒண்டு கிடந்தது. எல்லாம் என்ர சாமித்தட்டில, பட்டுத் துணியில சுத்திக் கிடக்கு. நேற்று நீங்கள் நோட்டீசைச் சுருட்டிச் சுருட்டி அடைஞ்சதையும் யன்னலால பாத்தனான்.”

பின்னால் யாரோ மறுபடியும் அரோகரா போட்டார்கள். நூற்றுக்கணக்கான கைகள் பொன் உருவத்தை நோக்கித் தலைக்கு மேலே எழுந்தன. முன்னைய தலைவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்திருந்தார்.

“அவ வீட்டை இருக்கிறா,” என்றாள் கமலநாயகி. “உதுக்குள்ள இருக்கிறது நீங்கள். நாப்பது வருசம் உங்களைக் கும்பிட்டதே எனக்குக் காணும். வேற ஆரையும் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கோ.”

சொல்லிவிட்டு, சனத்தை விலக்கி, தன் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனாள். ஐயர் தீபத் தட்டை நீட்டியபடி நின்றார். எல்லோரும் தலைவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் தில்லையம்பலமே அந்தத் தட்டை வாங்கி, தனக்குத் தானே தீபம் காட்டினார்.